கான்ட்ராக்டர் கேக்கற 3,65,000: மொதல்ல டேப்பை எடுங்க டீச்சர்

கேள்வி: வணக்கம் சார். நான் சேலத்துல ஸ்கூல் டீச்சர். கன்னங்குறிச்சியில மாமனார் கட்டின வீடு, 30 வருஷம் பழசு, போன வருஷம் ரீமாடலிங் பண்ணோம். ரெண்டு பாத்ரூம், கிச்சன், ஹால் டைல்ஸ், வயரிங், மொட்டமாடி வாட்டர்ப்ரூஃபிங், பெயின்டிங் எல்லாம் சேத்து 6,80,000-னு கான்ட்ராக்டர் ஒரு பக்கத்துல கொட்டேஷன் வாட்ஸ்அப்ல அனுப்பினார். வீட்டுக்காரரோட ஃப்ரெண்டுக்கு சொந்தக்காரர்ங்கறதால அக்ரிமென்ட் எதுவும் போடல. இதுவரைக்கும் 5,50,000 குடுத்தாச்சு, அதுல 1,50,000 கையில கேஷா குடுத்தது, ரசீது இல்ல. இப்ப எக்ஸ்ட்ரா ஒர்க் 2,35,000-னு லிஸ்ட் அனுப்பி, மொத்தமா 3,65,000 வரணும்னு நிக்கறார். ஆனா ஒரு பாத்ரூம்ல தண்ணி தேங்குது, ஐப்பசி மழைக்கு ஹால் சீலிங்ல ஈரம் காட்டுது, கிச்சன் லாஃப்ட்டுக்கு கதவே போடல. ஆரம்பத்துல நம்பிக்கைக்குன்னு கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கார், அதை பேங்க்ல போடுவேங்கறார். மேஸ்திரி வேற எனக்கு கூலி பாக்கின்னு கேட் முன்னாடி வந்து நிக்கறார். ஒத்த பைசா குடுக்காதேன்னு எங்கண்ணன் சொல்றார், குடுத்து தொலைச்சிட்டு நிம்மதியா இருன்னு வீட்டுக்காரர் சொல்றார். போலீஸுக்கு போறதா, கன்ஸ்யூமர் கோர்ட்டா? கொட்டேஷன், எக்ஸ்ட்ரா லிஸ்ட், ஃபோட்டோ எல்லாம் இணைச்சிருக்கேன்.

பதில்:

வணக்கம் டீச்சர். நான் வக்கீல் இல்ல, சிவில் என்ஜினியர், இந்த மாதிரி வேலைய அளந்து ரிப்போர்ட் குடுக்கறதுதான் என் பொழப்பு, அதனால சட்டத்துக்கு கடைசியா வர்றேன், மொதல்ல கணக்கு பேசுவோம். நீங்க அனுப்பின பேப்பரையெல்லாம் பாத்தப்புறம் எனக்கு தோணறத ஒடச்சே சொல்லிடறேன். அவரு கேக்கற 3,65,000 வராது, உங்கண்ணன் சொல்ற பூஜ்யமும் வராது. நீங்க குடுக்க வேண்டியது இருக்கு. எவ்வளவுங்கறது கேட் முன்னாடி நின்னு சத்தம் போட்டா தெரியாது, டேப் வெச்சு அளந்தாதான் தெரியும்.

அதுக்கு முன்னாடி ஒரு நல்ல சேதி. 1,50,000 கேஷுக்கு ரசீது இல்லன்னு பயந்துட்டு இருக்கீங்கல்ல, அவரு அனுப்பின லிஸ்ட்டையே மறுபடி பாருங்க. 6,80,000-மும் 2,35,000-மும் கூட்டினா 9,15,000. அதுல 5,50,000 கழிச்சாதான் 3,65,000 வரும். அதாவது நீங்க குடுத்த கேஷையும் சேத்து வரவு வெச்சுட்டுதான் பாக்கி கேக்கறாரு, அவரு கைப்பட அனுப்பின அந்த லிஸ்ட்டுதான் உங்க ரசீது. அந்த மெசேஜை அழிச்சிடாதீங்க, அவரே டெலீட் பண்றதுக்குள்ள சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வைங்க, ஃபோனையும் இப்போதைக்கு மாத்த வேண்டாம். வெறும் ஸ்க்ரீன்ஷாட் பிரின்ட் போட்டு கோர்ட்டுல நீட்டினா போதாது, 2024 ஜூலையில அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்துல 63-வது பிரிவுப்படி அதோட ஒரு சர்டிபிகேட்டும் வெக்கணும், அதை வக்கீல் தயார் பண்ணிக்குவார். ஒரிஜினல் ஃபோன் உங்க கையில இருக்கறது முக்கியம்.

இப்ப எக்ஸ்ட்ரா லிஸ்ட்டுக்கு வருவோம். ஆறு ஐட்டம் போட்டிருக்காரு. பழைய டைல்ஸ் உடைச்சு அள்ளினது 35,000. கொட்டேஷன்லயே மூணாவது வரியில பழைய தரை உடைத்து அப்புறப்படுத்துதல் உட்படன்னு அவரே எழுதியிருக்காரு, அதனால அது வராது. மெட்டீரியல் ரேட் ஏறிடுச்சுன்னு 25,000 போட்டது, அதுவும் வராது, ஏன்னா மொத்த தொகைக்கு ஒத்துக்கிட்ட வேலை இது, விலை ஏறினா ஏத்திக்குவேன்னு எங்கயும் எழுதல. ஏற்காட்டுல எஸ்டேட் பங்களா வேலை எடுக்கறவங்க எல்லாம் லாரி மலை ஏறுற வாடகையை தனி வரியா மொதல்லயே போட்டுடுவாங்க, அது நியாயம், முன்னாடியே சொல்லிட்டாங்க. வேலை முடிஞ்சப்புறம் சிமென்ட் ஏறிடுச்சு கம்பி ஏறிடுச்சுன்னா எப்படி?

மீதி நாலு ஐட்டம்தான் விஷயமே: போர்ட்டிகோ டைல்ஸ் 40,000, கிச்சன் சுவர் டைல்ஸ் 28,000, எலக்ட்ரிக் பாயின்ட் 32,000, பைப் 75,000. இதுல வேலை நடந்திருக்கு, நீங்களும் அனுபவிக்கறீங்க. போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட சொன்னது நீங்கதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கிச்சன் சுவர்ல கூட டைல்ஸ் ஒட்ட சொன்னது உங்க வீட்டுக்காரர், உங்களுக்கு தெரியாதுங்கறீங்க, ஆனா அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, கான்ட்ராக்டருக்கு அந்த வீட்டுல யாரு சொன்னாலும் ஓனர் சொன்னதுதான். உள்ள இருந்த ஜிஐ பைப் துரு புடிச்சு போச்சு மாத்தணும்னு சொன்னப்ப சரி பாருங்கன்னு சொல்லியிருக்கீங்க. எழுதி வாங்கல அதனால குடுக்க மாட்டேன்னு சொன்னா நிக்காது டீச்சர். 1872-ம் வருஷத்து ஒப்பந்த சட்டத்துல 70-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, இனாமா செய்யற எண்ணமில்லாம ஒருத்தர் செஞ்சு குடுத்தத நீங்க வாங்கி அனுபவிச்சா அதுக்கு ஈடு குடுத்தாகணும், பேப்பர் இருந்தாலும் இல்லாட்டியும். ஆனா அவரு கேட்டதை குடுக்கணும்னு அதுல இல்ல, நியாயமான மதிப்பை குடுக்கணும், அவ்வளவுதான்.

நியாயமான மதிப்புக்கு எங்க போறது? கொட்டேஷனுக்கே போங்க. அதுல தரை டைல்ஸ் மெட்டீரியல் கூலி சேத்து ஸ்கொயர் ஃபீட் 140, சுவர் டைல்ஸ் 150, எலக்ட்ரிக் பாயின்ட் ஒண்ணு 900-னு அவரே ரேட் குடுத்திருக்காரு. போர்ட்டிகோ 12 அடிக்கு 14 அடி, 168 ஸ்கொயர் ஃபீட், 140 வீதம் 23,520 வருது. அவரு போட்டது 40,000, அதாவது ஸ்கொயர் ஃபீட் 238 ரூபா, ஹாலுக்கு ஒரு ரேட் போர்ட்டிகோவுக்கு ஒரு ரேட்டான்னு கேளுங்க, பார்க்கிங் டைல்ஸ் கனமானது விலை அதிகம்னு சொன்னா கடை பில்லை காட்ட சொல்லுங்க, காட்டினா அந்த வித்தியாசத்தை குடுத்துடுங்க.

கிச்சன்தான் சுவாரசியம். 28,000 எப்படி வந்திருக்கும்னு கணக்கு போட்டு பாத்தேன். உங்க கிச்சன்ல டைல்ஸ் ஒட்டின சுவர் மொத்தம் 24 அடி நீளம். மேடை 2¾ அடி உயரம், சீலிங் 10 அடி, நடுவுல 7¼ அடி, 24-ஆல பெருக்கினா 174 ஸ்கொயர் ஃபீட், 150 வீதம் 26,100, மேல ரவுண்ட் பண்ணி 28. அதாவது மேடையில இருந்து சீலிங் வரைக்கும் முழு சுவரையும் அப்படியே எக்ஸ்ட்ரான்னு போட்டுட்டாரு. ஆனா மேடைக்கு மேல 2 அடி டைல்ஸ் கொட்டேஷன்லயே இருக்கு, அதுக்கு காசு ஏற்கனவே 6,80,000-ல போயாச்சு. மேல லாஃப்ட் 7 அடியில ஆரம்பிக்குது, லாஃப்ட்டுக்கு உள்பக்கம் வெறும் பூச்சுதான் இருக்குன்னு உங்க ஃபோட்டோவுல தெரியுது, எதுக்கும் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி பாத்துக்கங்க. அப்ப நெஜமான எக்ஸ்ட்ரா 4¾ அடியில இருந்து 7 அடி வரைக்கும், 2¼ அடி உயரம், 54 ஸ்கொயர் ஃபீட். அதுல 4 அடி அகல ஜன்னல் வருது, 9 போச்சுன்னா 45. ஆக 6,750 ரூபா.

பாயின்ட்டும் இதே கதை. 32,000-ஐ 900-ஆல வகுத்து பாருங்க, 35-க்கு கொஞ்சம் மேல வருது. வீட்டுல மொத்தம் இருக்கற பாயின்ட் எத்தனைன்னு ரூம் ரூமா எண்ணுங்க, 35 இருக்கும்னு நான் பந்தயம் கட்டறேன். கொட்டேஷன்ல 22 பாயின்ட் சேந்திருக்கு. எக்ஸ்ட்ரா 13, அதாவது 11,700. இதை திட்டம் போட்டு பண்ணாருன்னு நான் சொல்ல மாட்டேன், சைட்ல சூப்பர்வைசர் பையன் மொத்தத்தையும் அளந்து குடுத்திருப்பான், ஆபீஸ்ல உக்காந்து பில் போட்டவரு கொட்டேஷனை பக்கத்துல வெச்சு பாத்திருக்க மாட்டாரு. எக்ஸ்ட்ரா பில்லுல வர்ற தகராறுல பாதி இப்படித்தான், ஒத்துக்கிட்டதை கழிக்க மறந்துடறாங்க, இந்த பக்கம் சொல்லி செஞ்சதை மறந்துடறாங்க.

பைப் 75,000-தான் கஷ்டம், சுவத்துக்குள்ள போயிடுச்சு, அளக்க முடியாது. சிபிவிசிங்கற பிளாஸ்டிக் பைப், ஃபிட்டிங்ஸ் வாங்கின கடை பில், சுவர் வெட்டி இருக்கறப்ப எடுத்த ஃபோட்டோ ரெண்டையும் கேளுங்க, பிளம்பர் கூலி எத்தனை நாளுன்னு கேளுங்க. ரெண்டு பாத்ரூம் ஒரு கிச்சனுக்கு எனக்கு ஒரு 45,000 கிட்ட சரியா படுது, ஆனா பில்லு காட்டினா அதுதான் கணக்கு, என் ஊகம் இல்ல.

இப்ப உங்க பக்கத்து குறை. லாஃப்ட் கதவுக்கு கொட்டேஷன்ல 35,000, செய்யல, கழிச்சுக்கங்க, இதுல பேச்சே இல்ல. பாத்ரூம்ல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திட்டு கால் மணி நேரம் கழிச்சு போய் பாருங்க, எங்க தேங்குதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு பக்கத்துல ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ எடுங்க. எட்டு அடிக்கு ஒரு இன்ச்சாவது வாட்டம் இருக்கணும், தண்ணி வெளிய போற ட்ராப் பக்கமா. அப்புறம் ஒரு ரூபா காசை எடுத்து டைல்ஸ் ஒவ்வொண்ணா தட்டுங்க, உள்ள காலியா இருந்தா சத்தம் மாறும், காதுக்கு நல்லா தெரியும். மூலையில ஒண்ணு ரெண்டு அப்படி சத்தம் வந்தா பெரிசு பண்ணாதீங்க, மொத்த தரையும் வாட்டம் இல்லன்னா மட்டும் அந்த ஒரு பாத்ரூம் தரையை உடைச்சு போடற செலவு, 20,000-னு வெச்சுக்கலாம், வேற ரெண்டு பேரு கிட்ட எழுத்துல ரேட் வாங்கி வெச்சுக்கங்க.

மொட்டமாடி விஷயத்துல கொஞ்சம் பொறுமையா இருங்க. சீலிங்ல ஈரம்னாலே வாட்டர்ப்ரூஃபிங் போச்சுன்னு முடிவு பண்ண முடியாது. ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும். உங்க ஊர் மூக்கனேரி ஏரி பக்கத்துல இருக்கற வீடுகள்ல தரையில இருந்து சுவத்துல ஏறுற ஈரமும் உண்டு, அது முழங்கால் இடுப்பு உயரத்துக்கு பெயின்ட்டை பொரிச்சு விடும், அதுக்கும் மொட்டமாடிக்கும் சம்பந்தமே இல்ல, அந்த பழியை இவரு மேல போட்டீங்கன்னா மீதி குறையையும் யாரும் நம்ப மாட்டாங்க. உங்க ஃபோட்டோவுல ஈரம் ஹால் சீலிங்ல வெளிச்சுவரை ஒட்டின மூலையில இருக்கு, கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற இடத்துக்கு நேர் கீழ. பெரும்பாலும் அந்த மூலையை சரிவா பூசி அடைக்காம மேலாக்க ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சு விட்டுருப்பாங்க. சோதிக்கறதுக்கு தண்ணி போற ஓட்டையை அடைச்சு ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள் தண்ணி நிறுத்தி பாக்கணும். ஆனா டீச்சர், இது 30 வருஷ தளம், மொத்தமா ஒரே நேரத்துல நிறுத்தாதீங்க, 100 ஸ்கொயர் ஃபீட்டுல ரெண்டு இன்ச் தண்ணி நின்னாலே 470 கிலோ பாரம். சின்னதா கரை கட்டி ஒரு மூலை, அப்புறம் அடுத்த மூலை. அதை பண்ற அன்னைக்கு கான்ட்ராக்டரை மெசேஜ் போட்டு கூப்பிடுங்க, வந்தா கூட நின்னு பாக்கட்டும், வரலன்னா கூப்பிட்டதுக்கு அத்தாட்சி இருக்கு. இதை முடிக்காம வேற ஆளை விட்டு ரிப்பேர் பண்ணிடாதீங்க, அப்புறம் என்ன குறை இருந்துச்சுன்னு காட்ட ஒண்ணும் மிஞ்சாது.

கூட்டி கழிச்சு பாக்கலாமா. பழைய பாக்கி (6,80,000-ல 5,50,000 போக) 1,30,000, போர்ட்டிகோ 23,520, கிச்சன் 6,750, பாயின்ட் 11,700, பைப் 45,000, மொத்தம் 2,16,970. லாஃப்ட் 35,000, பாத்ரூம் 20,000 போனா 1,61,970. இதுல மொட்டமாடிக்கு கொட்டேஷன்ல போட்ட 85,000-ஐ நிறுத்தி வெச்சுட்டு மீதி சுமார் 77,000 இப்ப குடுக்கலாம். முழு 85-ஐயும் புடிச்சு வெக்கறது கொஞ்சம் ஜாஸ்திதான், ஒத்துக்கறேன், ஆனா அவரு வந்து சரி பண்ணி தண்ணி நிறுத்தி காட்டின அன்னைக்கே குடுத்துடறதா எழுதி குடுங்க. இந்த 77,000-ஐ மட்டும் இழுத்தடிக்காதீங்க. ஒத்துக்கிட்ட காசையும் குடுக்காதவங்கன்னு பேரு வந்தா நாளைக்கு எந்த மேஜைக்கு போனாலும் உங்க பேச்சு எடுபடாது. பேங்க் மூலமா மட்டும் அனுப்புங்க.

ஜிஎஸ்டி தனின்னு எக்ஸ்ட்ரா லிஸ்ட்டோட கடைசி வரியில போட்டிருக்காரே, நம்பர் இருந்தா முறையான பில் குடுக்க சொல்லுங்க, பதிவே பண்ணாதவரு ஜிஎஸ்டின்னு வாங்கவே கூடாது. அதுவுமில்லாம கொட்டேஷன்ல ஜிஎஸ்டி பத்தி ஒரு வார்த்தை இல்ல.

மேஸ்திரி விஷயம். கூலிக்காரர் காசு வராம வந்து நிக்கறத பாக்க சங்கடமாத்தான் இருக்கும், டீ குடுத்து உக்கார வெச்சு பேசுங்க, ஆனா உங்க ஒப்பந்தம் கான்ட்ராக்டரோடதான். நேரா காசு குடுத்தீங்கன்னா நான் குடுக்க சொல்லலையேன்னு அவரு கைய விரிச்சிடுவாரு. குடுத்துதான் ஆகணும்னா, மேஸ்திரிக்கு இவ்வளவு குடுங்க, என் பாக்கியில கழிச்சுக்கங்கன்னு கான்ட்ராக்டர் கிட்ட மெசேஜ் வாங்கிட்டு குடுங்க.

செக்குதான் எனக்கு கவலை. கையெழுத்து உங்களோடதுங்கறதால கடன் இருக்குன்னுதான் சட்டம் மொதல்ல எடுத்துக்கும், இல்லன்னு காட்டுற வேலை உங்க தலையில விழும். ஸ்டாப் பேமென்ட் குடுத்துட்டா தப்பிச்சாச்சுன்னு நெனைக்காதீங்க, அப்பவும் செக் திரும்பினா போடற கேஸு, அதாவது செலாவணி முறிச் சட்டத்தோட 138-வது பிரிவுல கேஸ் போட வழி இருக்கு. அதனால அவரு செக்கை பேங்க்ல போடறதுக்கு முன்னாடியே, இந்த செக் நம்பர் ஜாமீனா குடுத்தது, தொகை எழுதாதது, கணக்கு தீராம போடக்கூடாதுன்னு எழுத்துல அனுப்பிடுங்க. ஒருவேளை போட்டு திரும்பிடுச்சுன்னா, தகவல் கெடைச்ச 30 நாளுக்குள்ள அவரு உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பணும், அது உங்க கைக்கு வந்த தேதியில இருந்து பணம் கட்ட 15 நாள் டைம், அதுக்குள்ள வக்கீலை வெச்சு பதில் போட்டாகணும். அந்த நோட்டீஸை வாங்காம திருப்பி அனுப்பற வேலை மட்டும் வேண்டாம்.

போலீஸுக்கு போய் ஏமாத்திட்டார்னு எழுதி குடுத்தா சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீட்டு கெடைக்கும், அதுக்கு மேல நகராது, ஏன்னா இது கணக்கு தகராறு, சிவில். ஆளுங்களை கூட்டிட்டு வந்து மிரட்டினா, ராத்திரியில கேட்டை தட்டினா அது வேற, உடனே 100-க்கு போடுங்க. அவரே ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுத்து உங்களை கூப்பிட்டாலும் பயப்படாம பேப்பரோட போங்க, ஆனா அங்க வெச்சு இத்தனாம் தேதிக்குள்ள இவ்வளவு குடுக்கறேன்னு எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க.

கன்ஸ்யூமர் கோர்ட் தாராளமா போகலாம். வீடு கட்டி குடுக்கறதும் சேவைதான்னு 1993-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே, அதாவது சேலம் மாவட்ட ஆணையத்துலயே போடலாம், குடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் அங்கதான். உங்களுக்கு 5 லட்சத்துக்கு மேல 10 லட்சத்துக்குள்ள வர்றதால ஃபீஸ் 200 ரூபா. குறை வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், போன வருஷ வேலைங்கறதால டைம் இருக்கு, ஆனா தள்ளிப்போட வேண்டாம். மூணு மாசம் அஞ்சு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில அதை நம்பி காலண்டர்ல வட்டம் போட்டு வெக்காதீங்க. அவருக்கும் வேலை முடிஞ்சதுல இருந்து மூணு வருஷத்துக்குள்ள சிவில் கோர்ட்டுல பணம் கேட்டு போக உரிமை இருக்கு, ஞாபகம் வெச்சுக்கங்க. என்னை கேட்டா அதுக்கு முன்னாடி அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு குடுங்க, கேஸ் போடாமயே ரெண்டு பேரையும் கூப்பிட்டு பேசி முடிக்க பாப்பாங்க, காசு செலவு இல்ல. இந்த மாதிரி அளந்து முடிச்ச கணக்குக்கு அதுதான் தோதான இடம்.

கான்ட்ராக்டருக்கு இன்னைக்கே இப்படி ஒண்ணு எழுதுங்க, கோவமா ஒரு வார்த்தையும் வேண்டாம்:

"ஐயா, நீங்க அனுப்பின எக்ஸ்ட்ரா லிஸ்ட்டை கொட்டேஷனோட வெச்சு அளந்து பாத்தோம், எங்க கணக்கு இதோட இருக்கு. இதுவரைக்கும் 5,50,000 வாங்கினதா உங்க லிஸ்ட்லயே இருக்கு. பைப் வேலைக்கான கடை பில், ஃபோட்டோ அனுப்பவும். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில மொட்டமாடியில தண்ணி நிறுத்தி பாக்கறோம், நீங்களோ உங்க என்ஜினியரோ வந்து கூட இருக்கவும், அளவையும் சேந்தே எடுத்துக்கலாம். பாத்ரூம் வாட்டம், மொட்டமாடி, லாஃப்ட் கதவு மூணையும் 15 நாளுக்குள்ள நீங்களே சரி பண்ணி குடுத்தா அதுக்கு புடிச்ச தொகையையும் சேத்து குடுத்துடறோம், இல்லன்னா வேற ஆளை வெச்சு செஞ்சு அந்த செலவை கழிச்சுக்குவோம். நாங்க ஒத்துக்கற 77,000-ஐ உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்கு அனுப்பறோம். எங்க கிட்ட வாங்கின செக் ஜாமீனுக்கு மட்டும் குடுத்தது, தொகை எழுதாதது, அதை திருப்பி குடுக்கவும்."

செக் நம்பரை பழைய செக்புக் அடிக்கட்டையில பாத்து அதுல சேத்துடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, அதையே பேப்பர்ல பிரின்ட் எடுத்து நீங்களும் வீட்டுக்காரரும் கையெழுத்து போட்டு அவரு ஆபீஸ் அட்ரஸுக்கு ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க, ரசீதையும் டெலிவரி ஆனதுக்கான பிரின்ட்டையும் ஃபைல்ல வைங்க. ஞாயித்துக்கிழமை தண்ணி நிறுத்தினப்புறம் ஈரம் வந்த இடத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, அந்த மூலைதானான்னு பாத்து சொல்றேன்.